கூடையை இறக்கி வைத்தவர்

பதுளையில் படித்தபோது, எங்கள் பள்ளிக்கூடப் புகைப்படக் கழகம் ஒரு சனிக்கிழமை தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. இருந்த ஒரே கேமராவை முறை வைத்துப் பிடித்தோம். என் முறை வந்தபோது எதிரே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. ஒல்லியான உடம்பு, அகலமான நெற்றி. எதைப் பேசினாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

நான் கேமராவைத் தூக்கியதும் முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"கூடையோட நின்னா நல்லா இருக்கும்க்கா."

"வர்றவங்க எல்லாம் கூடையத்தான் எடுக்குறாங்க. நீ என்னய எடு பாப்பா."

எடுத்துக் காட்டினேன். கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே எங்கம்மா. செத்துப்போனவுங்க படம் ஒன்னுகூட வீட்ல இல்ல. இத பிரிண்ட் போட்டுத் தருவியா?"

அடுத்த மாதம் சட்டம் போட்டு எடுத்துப்போனேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிப் பூ வைத்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போனாள்.

"அடியே, ஒன் படத்துக்கு நீயே பூ வைக்கிறியா?"

"இது எங்கம்மாடி," என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

இப்போதும் ரயில் தெமோதரையைத் தாண்டும்போது அந்த முகம் நினைவுக்கு வருகிறது. நான் படம் எடுத்தது மகளையா தாயையா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.