வெயிலில் வந்த வெள்ளம்

போன வாரம் மருமகள் ஒரு கிர்ணிப்பழத்தை அறுத்து, பாதியை மூடாமல் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் பால், இட்லி மாவு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் அந்த வாசனை. வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். "கரண்டு போவுதும்மா" என்று மகன் சொன்ன பிறகுதான் மூடினேன். நல்ல வாசனைதான் அது. எனக்கு மட்டும் அது சுடுமணலையும், மேற்கே சத்தமில்லாமல் வெட்டும் மின்னலையும் கூட இழுத்துக்கொண்டு வரும்.

எழுபதுகளில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது ஆற்றுக்கு அக்கரையில், ஒரு சின்ன ஊரில். நாங்கள் இருந்தது வில்லியனூரில். அத்தாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. எங்கள் வகையறாவில் வேலைக்குப் போன முதல் பெண் நான் என்பதால், அத்தா பெருமையாக ஒரு குடை வாங்கிக் கொடுத்தார். ஆம்பிளைக் குடை. விரித்தால் அதற்குக் கீழே நான் இருப்பதே தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆற்றை நடந்தே கடந்தால்தான் பள்ளிக்கூடம். அந்த இடத்தில் பாலம் கிடையாது.

வரைபடத்தில் சங்கராபரணி. எங்கள் பக்கத்தில் செஞ்சியாறு. ஐப்பசி கார்த்திகையில் அது ஆறு. தை தாண்டினால் வெறும் மணல். சித்திரையில் அந்த மணலில் நடப்பது தனிப் பாடு. செருப்போடு நடந்தால் மணல் ஏறிக் கால் இழுக்கும், கழற்றினால் உள்ளங்கால் வெந்துபோகும். போடுவதும் கழற்றுவதுமாக நான் போவதைப் பார்த்து ஊரே சிரித்திருக்கிறது. முதலில் சிரித்தவள் அஞ்சலை.

அஞ்சலையும் அவள் புருஷன் கோவிந்தனும் ஆற்றுமணலில் கிர்ணியும் வெள்ளரியும் போட்டிருந்தார்கள். மணலைத் தோண்டினால் ஊற்று. அதில் மொண்டு, குழி குழியாக ஊற்றுவார்கள். ஆற்றின் நடுவில் கொஞ்சம் மேடான திட்டு ஒன்று. அதன்மேல் ஒரு கீற்றுக் கொட்டாய். நான் பாதி வழி வந்ததும் அந்த நிழலில்தான் ஒதுங்குவேன். அவர்களுடைய மூன்று வயசு மகள் மல்லிகா என் குடைக்குள் புகுந்துகொள்வாள்.

"குந்து டீச்சர். ஓடியா பூடும் பள்ளிக்கூடம்" என்று சொல்லி, அஞ்சலை ஒரு வெள்ளரியைக் கீறி நீட்டுவாள்.

பக்கத்துப் பாத்தி கோவிந்தனின் தம்பி ராஜாங்கத்தினுடையது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு வெள்ளத்தில் திட்டு இடம் மாறிப்போய்விட்டதாம். அது தன் பங்கில் வருகிறது என்றான் தம்பி. அண்ணன் ராவோடு ராவாக எல்லைக் குச்சியைப் பிடுங்கித் தள்ளி நட்டுக் கொட்டாய் போட்டுவிட்டான். ஒருத்தருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு மணல். அடுத்த மழையில் எங்கே இருக்குமோ தெரியாது. ஆனாலும் ஒரே ஊற்றில் எதிரெதிராகக் குனிந்து தண்ணீர் மொள்ளும்போதுகூட இரண்டு பேரும் தலை நிமிர மாட்டார்கள். அவர்கள் பேசாததைப் பார்த்துப் பார்த்து, ராஜாங்கத்தின் பெண்டாட்டி தனமும் அஞ்சலையும்கூடத் தண்ணீர்த் துறையில் முகம் திருப்பப் பழகியிருந்தார்கள்.

அந்தச் சித்திரைக் கடைசியில் வானம் ஒரு நிலையில் இல்லை. காலையில் இலை அசையாது, புழுக்கம் ஆளைக் கொல்லும். உச்சிப்பொழுது தாண்டினால் மேற்கே கருத்துக்கொண்டு வரும். ஒரு காற்று கிளம்பி மணலை வாரி முகத்தில் அடிக்கும். சரி, கொட்டப்போகிறது என்று அத்தாவின் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், ஒரு துளி விழாது. செஞ்சிப் பக்கத்து மலைகளின் மேல் மட்டும் சாயங்காலம் முழுக்க மின்னும்.

"மலையில பேயுது. நமக்கு இன்னா? காத்துதான்" என்பான் கோவிந்தன். எனக்கும் அதுதான் நினைப்பு. மலை எங்கேயோ இருந்தது. எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் மலை பார்த்திருந்தார்கள்.

பரீட்சை முடியப்போகிற நாட்களில் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டுக் கரைக்கு வந்தேன். தலைக்கு மேலே மேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல வெயில். கோவிந்தன் பழமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போயிருந்தான். அஞ்சலையும் குழந்தையும் திட்டில். ராஜாங்கம் கரையோரம் தன் பாத்தியில் வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தான். மணலில் இறங்கப்போனவளை ஒரு வாசனை நிறுத்தியது. முதல் மழைக்கு மண் கிளப்பும் வாசனை. மழையே இல்லாமல் இது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கும்போதே லாரி உறுமுவதுபோல ஒரு சத்தம்.

வந்தபோது அது கணுக்கால் உயரம்கூட இல்லை. செங்காவி நிறத்தில், முன்னால் நுரையும் வைக்கோலும் எருமுட்டையும் தள்ளிக்கொண்டு, மணலை நக்கிக்கொண்டு மெதுவாக வந்தது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, நாங்கள் வேடிக்கைதான் பார்த்தோம். கோடையில் ஆற்றில் தண்ணீர் என்று ஊற்றுக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். கொடியிலிருந்து அறுந்த கிர்ணிப்பழங்கள் மஞ்சள் மஞ்சளாக மிதந்து போயின. அப்புறம் பார்த்தால் பழங்கள் போகிற வேகம் மாறியிருந்தது. திட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்.

அஞ்சலை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள், ஒரு காலை விட்டுப் பார்த்தாள், பின்னால் போய்விட்டாள்.

"எறங்காதடி, அங்கியே நில்லு" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

ராஜாங்கம் கத்தவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. இரண்டு வருஷமாக மிதிக்காத திட்டில் ஏறி, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான். கரைக்கு வரும்போது தண்ணீர் அவன் மார்புக்கு வந்திருந்தது. கிட்டத்தில் நின்றவள் நான்.

"டீச்சர், இத்தப் புடிங்க. அண்ணிய இட்டாந்துடுறேன்" என்றான்.

மூச்சுவாங்கக்கூட நிற்கவில்லை. திட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் கையை அவன் பிடித்ததைப் பார்த்தேன். பாதி தூரம் வந்தார்கள். மேலேயிருந்து வெள்ளத்தில் ஒரு பனந்துண்டு உருண்டு உருண்டு வந்தது. "ராஜாங்கம், மேல பாருடா" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவன் பார்த்தானா தெரியாது. இரண்டு தலையும் மறைந்தன. கொஞ்சம் கீழே வளைவில், புங்கமரத்து வேரில் அஞ்சலை சிக்கிக்கொண்டாள். பெண்கள் புடவையை முறுக்கி வீசி அவளை இழுத்தார்கள். அவனைக் காணவில்லை.

வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

எதிர்க்கரையில் கோவிந்தன் வந்து நின்றான். வெறும் சாக்கோடு சைக்கிள். இங்கே என் இடுப்பில் அவன் குழந்தை. கொட்டாய் இருந்த இடத்தில் தண்ணீர். அவன் வாய் திறப்பது தெரிந்தது, ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் கேட்டான். ஒரு பெண் அஞ்சலையைத் தூக்கி நிறுத்திக் காட்டினாள். அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான். யாரோ தண்ணீரைக் காட்டினார்கள். அவன் மறுபடியும் கையை விரித்தான். யார் என்பதை அவனுக்கு இங்கிருந்து எப்படிச் சொல்வது? கடைசியில் தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வாய்க்குள் முந்தானையை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஐந்து மாச வயிறு. அவளைப் பார்த்துத்தான் அவன் புரிந்துகொண்டான்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. கோவிந்தன் ஆற்றைக் கடந்து வந்து தனத்தின் வாசலில் நின்றான். யாரையும் பார்க்காமல், "நான் போன வழியெல்லாம் வெயிலாத்தான இருந்துது. ஒரு துளிகூட இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தனம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

ராஜாங்கம் சில நாள் கழித்துத் திருக்காஞ்சிக்குக் கீழே, கோரைப் புதரில் கிடைத்தான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் 'மேரி' என்று சொல்லும் பெரியவர் ஒருவர்தான் கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாவைப் பதிந்தார். தம்பியின் வயசைக் கேட்டபோது அண்ணனுக்குச் சொல்ல வரவில்லையாம்.

அடுத்த தையில் கோவிந்தன் மறுபடி மணலில் இறங்கினான். தன் பங்கைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தம்பியின் பாத்தியில் மட்டும் பயிர் வைத்தான். அஞ்சலை அதற்கப்புறம் ஆற்றில் கால் வைக்கவே இல்லை. ஒற்றை ஆளாகத் தண்ணீர் மொண்டு, விளைந்ததையெல்லாம் கூடையில் கொண்டுபோய்த் தனத்தின் வாசலில் வைத்துவிட்டு வருவான். தனம் தொட மாட்டாள். பழம் அங்கேயே வெடித்து, எறும்பு மொய்த்து, தெருவே நாறும். போகிற வருகிற மாடு தின்றுவிட்டுப் போகும். மறுநாள் வேறு கூடை.

நான்தான் பெரிய மனுஷியாட்டம் ஒரு நாள் பேசப்போனேன். "புள்ளைக்காவது குடுக்கலாமே தனம்" என்றேன்.

அவள் மடியில் கிடந்த பையனைத் தட்டிக்கொண்டே, கோபமில்லாத குரலில் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்தப்போ அண்ணங்காரரு எதிர்லயே நின்னாரு டீச்சர், ஒரு வார்த்த பேசல. 'அண்ணன் இன்னிக்கும் பாக்கல'ன்னு வந்து சொல்லிட்டுத்தான் தெனமும் சோறு துன்னும். இப்ப பழத்த வெச்சு நான் இன்னா பண்றது?"

வாசலில் இருந்த கூடையைத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பையனுக்கு நான்தான் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். அடுத்த வருஷம் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு கரையாம்புத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டிக் கிடந்த வாசலிலும் கோவிந்தன் கூடை வைத்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

எண்பதுகளில் மணலுக்கு லாரிகள் வர ஆரம்பித்தன. முதலில் கரையோரம், பிறகு நடு ஆறு. எனக்கும் மாற்றல் வந்தது. கோவிந்தன் செத்த செய்திகூட எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது புதுப் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தேன். மணல் இல்லை. களிமண்ணும் முள்ளுமாக ஒரு பெரிய பள்ளம். அதற்குள் ஒரு பழைய குடிதண்ணீர்க் கிணறு தனியாகக் கோபுரம்போல நிற்கிறது. சுற்றியிருந்த மணல் போனதால் உறை வளையங்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன. ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். அந்தக் கிணற்றின் வாய் ஒரு காலத்தில் மணலோடு மணலாக இருந்தது. தடுக்கிவிடாமல் நான் சுற்றிக்கொண்டு போவேன். அப்படியானால் நாங்கள் நடந்த தரை அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டது, அந்தரத்தில் இப்போது ஒன்றுமே இல்லாத அந்த இடத்துக்காக.

"இன்னாம்மா பாக்குற?" என்றான் மகன்.

விரலை நீட்டிக் காட்டப் பார்த்தேன். எதைக் காட்டுவது?