ஆணியக்காவின் தாடையில் ஒரு திருகு

சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி போட்டுக் கொடுக்கும் பட்டறை அவளுடையது. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தியல். ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒரு பிடி குட்டி ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வாள். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளும், உதடு நீட்டும், சுத்தியல் முனையிலிருக்கும் காந்தம் ஆணியின் கொண்டையைக் கவ்விக்கொள்ளும். தெருவில் யாரைக் கேட்டாலும் ஆணியக்கா என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

அவளுக்கு ஓர் அண்ணன். நல்ல மனிதர்தான், ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் எதையெல்லாம் வேண்டாம் என்றாரோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனாலே இவள் வாழ்க்கைக் கதை முடிந்துவிடும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு வர வேண்டாம் என்றார். பெட்டியோடு வந்து நின்றாள். பொம்பளைக்குச் சுத்தியல் பிடிக்கிற வேலை வேண்டாம் என்றார், பிடித்தாள். தனியாகப் பட்டறை வேண்டவே வேண்டாம் என்றார். அவர் வீட்டுக்கு எதிரிலேயே திறந்தாள். கொழுப்புத்தான், வேறென்ன!

ஒருநாள் பழைய சோபா ஒன்றைப் பிரிக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் துள்ளி எழுந்து அவளுடைய மேல் முன்பல்லை வேரோடு உடைத்தது. அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் முந்தானை தானாக வாய்க்குப் போயிற்று. வாடிக்கையாளரிடம் சரிக்குச் சரி வாதாடியவள், வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டு அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"வயசு அம்பதாச்சு. கழட்டி மாட்டுற பல்லு போதும்மா. எலும்புல ஓட்டை போட்டுத் திருகு வச்சு, அதுமேல பல்லு மாட்டறதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்றார் அண்ணன்.

அது போதாதா? அடுத்த வாரமே பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண், ஆனால் கறார். திருகை வைத்து முடித்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "என் வேலை முடிஞ்சுதுக்கா. இனிமே உங்க எலும்புல இருக்கற செல்லுங்க பாடு. காயத்துல ரத்தம் உறைஞ்ச உடனே அதிலேருந்து தகவல் கிளம்பும், இங்க அடிபட்டிருக்கு வாங்கன்னு. முதல்ல ஒரு கூட்டம் வந்து நைஞ்சுபோன எலும்பை அரிச்சு எடுக்கும். அரிக்கறப்பவே எலும்பு கட்டுற கூட்டத்துக்கும் சேதி அனுப்பிடும். அதுங்க வந்து திருகை ஒட்டிப் புது எலும்பு வைக்கும்."

"பழச பிரிச்சுட்டுப் புதுசு கட்டறது. என் வேலைதான்."

"அதேதான். ஆனா திருகு அசையக்கூடாது. வாயில ஆணி கீணி வைக்காதீங்க."

"அட! நீங்க மட்டும் வைக்கலாமா?"

டாக்டர் சிரித்துவிட்டாள்.

ஒழுங்காகத்தான் இருந்தாள். மசித்த காய், சூப், கஞ்சி என்று காலத்தை ஓட்டினாள். மூன்றாவது வாரம் ஒரு சினிமாக் கொட்டகையின் நாற்காலிகள் மொத்தமாக வந்து இறங்கின. வேலை மும்முரத்தில் தலை சுற்றியது. மதியம் எட்டிப் பார்த்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாயில என்னடி?"

துப்பினாள். உள்ளங்கை நிறைய ஆணிகள்! அன்றைக்கு மட்டுமா, அந்த வாரம் முழுக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. ஈறை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். சுருக்கென்று வலித்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினாள், அண்ணனும் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பிடிப்பு குறைஞ்சிருக்கு. இந்தச் சமயத்துல எல்லாருக்குமே கொஞ்சம் குறையும். பழைய எலும்பு போயிருக்கும், புதுசு இன்னும் வந்திருக்காது. நீங்க அதுல ஆட்டம் வேற குடுத்திருக்கீங்க. அங்க இருக்கற செல்லுங்களுக்கு அசைவு தெரியும். திருகு ஆடிட்டே இருக்குன்னு சேதி போச்சுன்னா எலும்பு கட்டாம வெறும் சதையா மூடிடும்."

"இப்ப என்ன செய்யறது?"

"இப்பவே எடுத்துட்டா, ஆறினப்புறம் இன்னொண்ணு வைக்கலாம். விட்டு வச்சா, ஒட்டினாலும் ஒட்டும். ஒட்டலைன்னா சுத்தியிருக்கற எலும்பும் கரைஞ்சு போகும். அப்புறம் எந்தத் திருகுக்கும் அங்க இடமிருக்காது."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றார் அண்ணன்.

"வாய் யாருது? எடுக்க வேண்டாம்."

"சொன்னா கேளுடி!"

"கேக்க மாட்டேன். கெடுத்தது நான். செல்லுங்க கட்ட வர்ற நேரத்துல இடத்தப் பிடுங்கிட்டுப் போறதா? இருக்கட்டும்."

பயமில்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பழைய மெத்தைப் பஞ்சுத் துண்டு ஒன்றை வெட்டி இடது முழங்கையில் பட்டையாகக் கட்டி, ஆணிகளைக் கொண்டை மேலே தெரியும்படி அதில் வரிசையாகக் குத்திக்கொண்டாள். சுத்தியலின் காந்தம் அங்கிருந்தே கவ்வியது. ஆனாலும் பாழாய்ப்போன கை பழக்கத்தில் வாய்க்குத்தான் போகும். போகும்போதெல்லாம் தன் கையிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பல்லில்லாக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் தனக்குத்தானே ஊட்டிக்கொண்டாள். சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைக்கூட வெறும் முறைப்பிலேயே அனுப்பி வைத்தாள். எதிர் வீட்டிலிருந்து அண்ணன் தினமும் குரல் கொடுப்பார், "இன்னும் இருக்கா?" என்று. இவள் சுத்தியலைத் தூக்கிக் காட்டுவாள்.

சில மாதங்கள் கழித்து அந்த நாள் வந்தது. அண்ணனும் கூடவே வந்து சுவரோரம் நின்றுகொண்டார். டாக்டர் ஈறைத் திறந்து சின்னச் சாவி ஒன்றைத் திருகில் பொருத்தினாள்.

"கழட்டற பக்கமா திருகிப் பார்க்கப் போறேன்கா. சுத்துச்சுன்னா எலும்பு பிடிக்கலைன்னு அர்த்தம். கையோட எடுத்துடுவேன்."

ஆணியக்கா நாற்காலியின் கையை இறுக்கினாள். டாக்டர் சாவியைத் திருப்பினாள். ஏதோ திரும்புவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, தலையை நேரா வைங்க. திருகு அசையல. உங்க தலைதான் திரும்புது."

மறுபடி திருப்பினாள். மறுபடியும் தலைதான் போயிற்று. டாக்டர் சாவியைத் தட்டில் வைத்துவிட்டு, "கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. பல்லுக்கு அளவெடுத்துடலாம்" என்றாள்.

அண்ணன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நான்தான் அன்னிக்கே எடுக்கச் சொன்னேன். யார் கேட்டா!"

ஆணியக்கா எழுந்து உட்கார்ந்தாள். முந்தானை மடியிலேயே கிடந்தது. ஓட்டை தெரிய, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

"எலும்புக்குள்ள இருக்கறதுங்க ஒண்ணு சொல்றத ஒண்ணு கேக்குமாம் அண்ணே. நீ சொல்றத மட்டும் கேக்காதாம்."