கத்தரி படக்கூடாத முடி

போன மழைக்கு நைனா இறந்ததிலிருந்து அம்மா தலை சீவிக்கொள்வதில்லை. நான்தான் பிடித்து உட்கார வைத்துச் சீவிவிடுகிறேன். நேற்று பார்த்தேன், நுனியில் ஒவ்வொரு முடியும் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் நாலாவது படிக்கும்போதும் அம்மா முடி அப்படித்தான் இருந்தது.

அப்போதும் நாங்கள் நொச்சிக்குப்பத்தில்தான் இருந்தோம். அம்மா ரோட்டோரம் மீன் விற்பாள். உப்புக்காற்று, வெயில், ஐஸ் தண்ணீர் சொட்டும் கையாலேயே கொண்டை போடுவது என்று முடி தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. நுனியை வெட்டினால் சரியாகிவிடும். ஆனால் அது முருகனுடைய முடி. நைனா ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தால் வடபழனியில் மொட்டை போடுகிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். அதுவரை கத்தரி படக்கூடாது. நைனாவும் அதற்குக் கட்டுப்பட்டு, சாயங்காலமானால் டீக்கடையில் உட்கார்ந்து, கசாயம் குடிக்கிற மூஞ்சியோடு டீ குடித்தார்.

நைனாவின் தங்கச்சி, என் அத்தை, தி. நகரில் ஒரு பார்லரில் வேலை செய்தாள். லீவு நாளில் வந்தால் முதலில் அம்மாவின் கொண்டையைத்தான் அவிழ்ப்பாள்.

"இன்னா அண்ணி இது, முடியா, கிழிஞ்ச வலையா? கொஞ்சூண்டு வெட்டிக்கிறேன். இல்லன்னா வெடிப்பு மேல ஏறிக்கினே போவும்."

"ஏறட்டும். சாமி முடில கை வெக்காத."

"எப்டியும் மொட்டதான போடப் போற? நுனிய எடுத்தா முருகன் இன்னா அளந்தா பாப்பாரு?"

"அவரு பாக்க மாட்டாரு. உங்க அண்ணன் பாப்பாரு" என்றாள் அம்மா.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "பொளந்த முடி திரும்ப ஒட்டாதுடி. மேல பொளக்காம வேணா பாத்துக்கலாம். அது உன் வேல."

தலை குளித்தால் துண்டால் தேய்க்கக்கூடாது, பழைய பருத்தித் துணியில் சுற்றி ஒற்ற வேண்டும். ஈர முடியில் சீப்பு வைக்கக்கூடாது. காய்ந்த பிறகு நுனியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். வெயிலுக்குக் கிளம்பும்முன் நுனிக்குத் தேங்காய் எண்ணெய், தலைக்கு முக்காடு. எனக்குப் படிப்பு ஏறவில்லை, இது ஏறியது. நைனாவின் பழைய லுங்கியைக் கிழித்து அம்மாவுக்குத் தலைத்துணி செய்தேன். எண்ணெய் வைக்காமல் கூடையைத் தூக்கினால் வழியை மறித்துக்கொண்டு நிற்பேன்.

"ஒத்துடி, வியாபாரம் கெடுது. பெரிய பார்லர் மொதலாளி இவ" என்று திட்டிக்கொண்டே அம்மா குனிந்து தலையைக் கொடுப்பாள்.

என் கணக்கு வேறு. பிய்ந்த முடியை முருகன் வாங்கிக்கொள்ள மாட்டார், அவர் வாங்கவில்லை என்றால் நைனா மறுபடி குடிப்பார். அதனால் நைனா குடிப்பதும் குடிக்காததும் என் சீப்பில்தான் இருக்கிறது என்று நம்பினேன்.

ஒருநாள் மத்தியானம் கடலுக்குக் கூடப் போகிற கூட்டாளிகள் இரண்டு பேர் நைனாவைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் மணல். "அலை தூக்கிப் போட்டுச்சு அண்ணி" என்றார்கள். அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிப் படுக்க வைத்தாள். பிறகு அத்தைக்குப் போன் போட்டாள். "கத்தரி எட்த்துக்கினு வா."

அத்தை சந்தோஷமாகத்தான் வந்தாள். வாசலில் மீன் பெட்டியைக் கவிழ்த்து அம்மாவை உட்கார வைத்தபோது, "வருஷம் முடியலயே அண்ணி?" என்று கேட்டாள்.

"வெட்டு."

அத்தை வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் கத்தரியை எடுத்தாள். ஒரு சாண் முடி கீழே விழுந்தது. மிச்சம் நின்ற முடி நேராக, பளபளவென்று இருந்தது. அம்மாவை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

நைனா எழுந்ததும் அம்மாவைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். "நைனா, அம்மா முடிய பாரு, எப்டி கீது!"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரு வெட்டச் சொன்னது?"

"அம்மாதான்" என்றேன், பெருமையாக.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, முக்காடு போடாமல் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முன்பெல்லாம் அவர் குடித்துவிட்டு வந்தால் குப்பத்துக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்படியென்றால் நைனா குடிக்கவில்லை, அலைதான் தூக்கிப் போட்டிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. சீப்பைக் கழுவி வைத்துவிட்டு விளையாடப் போனேன்.