ஒளிர்ந்ததெல்லாம் உயிரல்ல

மண்ணில் பாக்டீரியா எண்ணும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சாயமேற்றிய மண்ணைத் தானியங்கி நுண்ணோக்கி படமெடுக்கும்; ஒளிரும் புள்ளிகளைப் பாக்டீரியா என்று கணினி எண்ணும். கரும்பு கருகிப்போன வயலின் மண்ணோடு மோகனூர் விவசாயி ஒருவர் வந்தார்.

"இன்னொருக்கா நடலாமுங்களா?"

படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல், கணினி காட்டிய எண்ணை நம்பி, "மண்ணுல உசிரு நெறைய இருக்குதுங்க, தைரியமா நடுங்க" என்றேன்.

அந்தக் கரும்பும் கருகியது. அப்புறம்தான் படங்களைப் பார்த்தேன். ஒளிர்ந்தவை சாயம் ஒட்டிய களிமண் துகள்கள். பாக்டீரியா அரிதாகவே இருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வயலுக்குப் போனேன். காய்ந்த கரும்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் வாய் திறப்பதற்குள், "உங்க மிசினு பொய் சொல்லுமுங்களா சாமி? எங் கைதான் ராசியில்லீங்க" என்றார்.

பேசாமல் திரும்பிவிட்டேன். இந்த வருடமும் அங்கேயே கரும்பு நட்டிருக்கிறார், நான் அன்று சொன்னதை நம்பி.