கண்ணின் வெள்ளை

எங்கள் ஊரில் சிவப்பு என்றால் சிவப்பு இல்லை. மாநிறத்துக்கு ஒரு படி மேலே இருந்தால் செவப்பு. அதற்கும் மேலே போனால் நல்ல செவப்பு. நானும் என் தங்கையும் இந்த ஏணியில் முதல் படியில்கூடக் கால் வைக்காதவர்கள். போடியில் எங்கள் தெருவில் பெரிய கறுப்பி என்றால் நான், சின்னக் கறுப்பி என்றால் அவள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். அவள் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் திறப்பாள்.

எங்கள் ஊருக்கு நிறம்தான் பிழைப்பும். மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் ஏலக்காயைக் கையில் அள்ளியதும், பச்சை நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உலர்த்தும்போது பக்குவம் தப்பினால் காய் மஞ்சளித்துவிடும். வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். அந்த ஊரில் பிறந்த ராசியோ என்னவோ, எனக்கு வாய்த்த வேலையும் நிறத்தைப் பற்றியதாகவே அமைந்தது. வடக்கே ஆப்பிள் விளைகிற ஒரு மலையூரில், ஆப்பிளுக்கு மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வதுதான் என் வேலை.

ஆப்பிள் செவப்பாச்சே என்று கேட்காதவர்கள் கிடையாது. அந்தச் சிவப்பு வேறு சாயம், தோலோடு சரி. அதற்கு அடியில் இருக்கிற மஞ்சளுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர். கேரட்டிலும் மாம்பழத்திலும் இருப்பதற்குப் பங்காளி முறை. காய் பச்சையாக இருக்கும்போதே அது உள்ளே கொஞ்சம் இருக்கும், பச்சை மூடியிருப்பதால் தெரியாது. பழுக்கிற நேரத்தில் பழம் தானே ஒரு வாயுவை விடுகிறது. அது பரவியதும் உள்ளே சில புரதங்கள் போய், மஞ்சளைச் செய்கிற ஜீன்களை முடுக்கிவிடும். சில ரகங்களில் இந்த முடுக்கல் பலமாக இருக்கும், சதை வரைக்கும் மஞ்சள் பாயும். சிலவற்றில் ஏனோதானோதான், சதை வெளுத்தே கிடக்கும். ஜீன் இரண்டிலும் உண்டு. வேலை வாங்குகிற மேஸ்திரிதான் வேறு. அந்த மேஸ்திரி யார் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருஷமாகப் பழத்தோலை அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை குரங்கணியில் வாக்கப்பட்டாள். அவள் உண்டாகியிருந்தபோது வளைகாப்புக்காக லீவு போட்டு வந்திருந்தேன். அவள் நாத்தனாரை நானும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி வளையலோடு ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூவும் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சபையிலேயே ஆரம்பித்தார்.

“ஏ தாயி, நீ கலர் ஜீன்லதான சோலி பாக்குற? ஒந் தங்கச்சி வயித்துப் பிள்ளைக்கும் அதை ஒரு தட்டு தட்டி விடு. செவப்பா வரட்டும்.”

“நான் பாக்குறது ஆப்பிளு, மதினி.”

“அதுவும் செவப்புத்தான?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல். குங்குமப்பூவின் நிறமும் என் கரோட்டினாய்டு குடும்பத்தில் பிறந்ததுதான், ஆனால் அது பாலோடு நின்றுவிடும், பிள்ளையின் தோல் வரைக்கும் பயணம் போகாது என்று தங்கையிடம் தனியாகச் சொன்னேன். அவள் குங்குமப்பூப் பால் டம்ளரைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தாள்.

“குடிச்சா என்னக்கா கெட்டுப்போச்சு? என்னையச் சொன்ன சொல்லை எம்பிள்ளைய ஒருத்தரும் சொல்லிறக் கூடாது.”

காலி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

பிரசவம் ஆகி, தங்கை பிள்ளையோடு போடியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தகவல் தெரிந்து கிளம்பி வந்தேன். பெண் குழந்தை. மதுரை ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் முகமெல்லாம் பல். “வந்து பாரு ஆத்தா, பொன்னு கணக்கா இருக்கா.” மதினியும் வந்திருந்தார். கண்ணேறு பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றிப் போட்ட நெடி இன்னும் போகவில்லை. “குங்குமப்பூ வேலை செஞ்சிருச்சு பாத்தியா?” என்றார். ஏலக்காய் மஞ்சளித்தால் முகம் சுளிக்கிற ஊர், பிள்ளை மஞ்சளித்ததற்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது.

நானும் முதலில் பூசுமஞ்சள் என்றுதான் நினைத்தேன். குளிப்பாட்டும்போது மஞ்சள் தேய்ப்பது அம்மாவின் வழக்கம். பிள்ளை அசையாமல் தூங்கியது. தங்கை பெருமையாகச் சொன்னாள்: “அழுகவே மாட்டேங்குறாக்கா. அம்புட்டு சமத்து. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும், எழுப்புனாலும் ரெண்டு வாய்தான்.”

பிறந்த பிள்ளை பாலுக்கு அழாமல் கிடப்பது சமத்து இல்லை.

என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. கேரட்டும் பப்பாளியும் அளவில்லாமல் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும். ஆனால் கண்ணின் வெள்ளை மஞ்சளாகாது. அரைத்துப் பூசிய மஞ்சளும் அங்கே போகாது. அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். பிள்ளையின் பாதத்தைச் சுண்டினேன். நாலைந்து தரம் சுண்டிய பிறகுதான் இமை பிரிந்தது. உள்ளே வெள்ளை இல்லை. நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தேன், மஞ்சள். தொடையில் மஞ்சள். உள்ளங்காலிலும் மஞ்சள்.

“இது நிறமில்ல, மஞ்சக்காமாலை” என்று போட்டு உடைத்தேன். பக்குவமாகப் பேச எனக்கு எப்போதும் வராது.

“வாயக் கழுவுடி” என்றாள் அம்மா. “நான் மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டுனது அது.”

“கண்ணுக்குள்ளயுமா தேச்ச?”

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே, ரெண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைதான் பொன்னாட்டம் இருக்கிறதே என்று யாரும் போகவில்லை. இப்போதே போவோம் என்றேன். மதினி குறுக்கே கையை நீட்டினார். “இன்னைக்குச் செவ்வாக்கெழம. பச்சப்பிள்ளைய வாசப்படி தாண்ட விடக் கூடாது.”

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒனக்குப் பொறுக்கலையாக்கா? இந்த வீட்டுல ஒருத்தியாச்சும் செவப்பா இருந்துட்டுப் போகட்டுமே.”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. இன்றைக்கும் நினைத்தால் சுடுகிறது. கத்தியிருப்பேன். ஆனால் கையில் கிடந்த பிள்ளை துணி மாதிரித் துவண்டிருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் மறுபடி பாதத்தைச் சுண்டி, “நீயே வந்து பாரு” என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். திரும்பவும் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே இறங்கிப்போனது. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்தது அவள்தான். “அண்ணே, வெரசா போங்கண்ணே” என்பதைத் தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தின் அடியில் படுக்க வைத்தார்கள். இதற்கு மஞ்சள் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். பழைய ரத்தம் உடையும்போது வருகிற மஞ்சளை வெளியேற்ற ஈரல் பழக வேண்டும், இவளுடைய ஈரல் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று விளக்கினார். எனக்கு அது புரிகிற பாஷைதான். ஜீன் இருக்கிறது, மேஸ்திரி வரவில்லை. பழத்தில் மஞ்சள் ஏறவில்லையே என்று கவலைப்பட்டே காலம் கழித்தவள், அந்த வராந்தாவில் உட்கார்ந்து, இறங்கு இறங்கு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று தெரியாது.

ரத்தம் மாற்றாமலே இறங்கியது. ஆனால் டாக்டர் முழுசாக மனம் குளிரச் சொல்லவில்லை. “லேட்டா வந்திருக்கீங்க. மஞ்சள் மூளையத் தொட்டுச்சா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது. காது கேக்குதாங்குறதுலதான் முதல்ல தெரியும்.”

மஞ்சள் வடிய வடிய உள்ளேயிருந்து எங்கள் நிறம் வந்தது. அச்சு அசல் எங்கள் வீட்டுக் கறுப்பு. ஆப்பிள் பழங்களோடு பார்க்க வந்த மதினி, எட்டிப் பார்த்துவிட்டு, “நெறம் போச்சே” என்றார். தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளை வீறிட்டு அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது ஒன்றுதான் பேச்சு. முதல் பரிசோதனையில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பின்னால் தட்டில் கரண்டியால் அடிப்பாள் தங்கை. “திரும்புனாளாக்கா? நீ பாத்தியா?” சில நாள் திரும்பின மாதிரி இருக்கும். சில நாள் இருக்காது. பொய் சொல்லவும் மனம் வராது.

இரண்டாவது பரிசோதனைக்கு நானும் கூடப் போகலாம் என்று ஊருக்கு வந்தேன். பிள்ளைக்குத் தலை நின்றிருந்தது. எங்கள் அம்மா மடியில் உட்கார்ந்து தன் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை பின்னால் போய்த் தட்டை அடித்தாள். திரும்பவில்லை. இன்னும் பலமாக அடித்தாள். விரலைச் சப்பிக்கொண்டே இருந்தது பிள்ளை. தங்கை தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே, தனக்குத்தானே சொல்வது போலக் கூப்பிட்டாள்.

“ஏ… கறுப்பி.”

விரல் வாயிலிருந்து வந்தது. தலை திரும்பியது. எங்கே எங்கே என்று தேடி, அவள் முகத்தில் வந்து நின்றது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

தங்கை எழுந்து மறுபக்கம் ஓடினாள். “கறுப்பி!” தலை அந்தப் பக்கமும் வந்தது. எந்தச் சொல்லைத் தன் பிள்ளை கேட்டுவிடக் கூடாது என்று டம்ளர் டம்ளராகக் குடித்தாளோ, அதையே தெருவுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

“கேக்குதுக்கா! எங்கறுப்பிக்குக் கேக்குது!”