மேற்குச் சுவர் ஷீட்

1991 மழைக்காலத்தில் ஒரு நாள், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஸ்டீல் ஷெட்டுக்குப் போல்ட் இறுக்கம் பார்க்கப் போனேன். நான் டிசைன் செய்த ஷெட். நாலு பக்கமும் திறந்து, தூணும் கூரையும் மட்டும் உள்ளது. போய் இறங்கினால் மூன்று பக்கம் ஷீட் அடித்திருந்தது. கிழக்கு மட்டும் திறந்து கிடந்தது.

வங்கக்கடலில் புயல் என்று ரேடியோவில் காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

உரிமையாளர் வரதன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். பேங்க் வேலையை விட்டுவிட்டு ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்ய இறங்கியவர். ஃபைபரோடு சேர்க்கும் ரெசின் பசையின் நெடி மூக்கைத் துளைக்கும் என்பதால் ஷெட்டை முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"ரோட்டுப் புழுதி வந்து தொட்டியில ஒட்டுது மேடம். அதான் அடைச்சேன். ஒரு பக்கம் தெறந்துதானே இருக்கு?" என்றார்.

ஷீட் அடித்த உள்ளூர் வெல்டர் முனுசாமி பெருமையோடு பக்கத்தில் நின்றார். "நல்லா இறுக்கி அடிச்சிக்கீறேன் மேடம். இன்னா காத்து அடிச்சாலும் அசையாது."

அசையாது என்பதுதான் என் பயம். நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். நான் கணக்குப் போட்டது அதற்குத்தான். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்தால், நுழைந்த காற்றுக்கு வழி கிடையாது. கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளியே கூரைக்கு மேல் ஓடும் காற்றும் அதே திசையில் இழுக்கும். இரண்டையும் சேர்த்துத் தாங்க, கூரை ஷீட்டைப் பிடித்திருக்கும் அந்த பர்லின் சட்டங்களும் போல்ட்டும் போதாது.

"மேற்குச் சுவர் ஷீட்டை இப்பவே கழட்டணும் சார்" என்றேன்.

வரதன் உள்ளே கையைக் காட்டினார். தண்டலம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹாஸ்டலுக்கான தொட்டிகள் வரிசையாக நின்றன. ரெசின் இன்னும் காயவில்லை. "மழைத் தண்ணி பட்டா மேல வெள்ளை பூத்துடும், பிசுபிசுன்னு நிக்கும். ஒண்ணையும் வாங்க மாட்டாங்க. முதல் பெரிய ஆர்டர் மேடம் இது. இந்த நேரத்துல சுவரைப் பிரிக்கச் சொல்றீங்க."

கடைத்தெருவுக்கு நடந்து போய் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். "நம்ம டிராயிங்ல நாலு பக்கமும் ஓபன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் நமக்கென்ன? கிளம்பி வாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிராயிங் சரியாக இருக்கிறது என்று கூரை அதைப் படித்துப் பார்த்துவிட்டா நிற்கப் போகிறது?

திரும்பி வந்தேன். என்ன சொன்னால் இந்த மனிதர் கேட்பார் என்று புரியவில்லை. ஓரத்தில் ஒருவர், காய்ந்துவிட்ட ஒரு தொட்டியை அச்சிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். அச்சின் மேல் தொட்டியைக் கவிழ்த்த மாதிரிதான் வார்ப்பார்கள். அச்சின் அடியில் இருந்த சின்னத் துளையில் கம்ப்ரஸர் ஹோஸைச் செருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். தொட்டி தானாக மேலே எழும்பியது.

"ஏன் சார் காத்தடிக்கிறீங்க? கையால தூக்கக் கூடாதா?" என்று வரதனிடம் கேட்டேன்.

"பத்துப் பேர் இழுத்தாலும் வராது மேடம். உள்ள காத்து போனா அதுவே கழண்டுக்கும்."

"துளை ஒண்ணுதான். காத்து வெளிய போக வேற வழி இல்ல. அதனாலதானே?"

வரதன் கிழக்கே திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார், பிறகு கூரையை. முனுசாமிதான் முதலில் பேசினார். "சார், ஏணி எடுத்தாரட்டா?"

இருட்டுவதற்குள் மேற்கில் எல்லா ஷீட்டும் இறங்கின. தொட்டிகளுக்குத் தார்ப்பாய் கட்டினோம். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார் வரதன்.

மறுநாள் போனேன். கூரை இருந்தது. தார்ப்பாய்கள் வேலியில் கிடந்தன. தொட்டிகளில் பாதிக்கு மேல் வெள்ளை பூத்திருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் வரதன். "அடிச்ச காத்து அவ்வளவுதான். கூரை எப்படியும் நின்னிருக்கும். என் தொட்டிதான் போச்சு."

நின்ற கூரையைக் காட்டி, இது போயிருக்கும் என்று எப்படி நிரூபிப்பது? எங்கள் வேலை சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. அது தெரிந்திருந்தும் அன்று பஸ்ஸில் வரும்போது மனசு கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்த ஷெட் வந்தாலும், திறந்த பக்கத்தைக் காட்டி ஒரே கேள்வி கேட்பேன்: "இதைப் பின்னால் மூடுவீர்களா?" மாட்டோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மூடுவார்கள் என்று வைத்தே கணக்குப் போடுவேன். இரும்பு எடை கூடுகிறது என்று மேனேஜர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சில வருடம் கழித்து வரதன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். இரண்டாவது ஷெட். விலையைக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கிழக்கேயும் மேற்கேயும் எதிரெதிரா திறப்பு வைங்க மேடம். நானே நெனச்சாலும் மூட முடியாத மாதிரி" என்றார்.

"அந்தக் கூரை எப்படியும் நின்னிருக்கும்னு சொன்னீங்களே சார்?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். நீங்க படத்தைப் போடுங்க."