எஃப் ஒன் பட்டனில் செருகிய அட்டை

எங்கள் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வருபவருக்கு 'ஒட்டு அண்ணன்' என்று பெயர் வைத்ததே நான்தான். அவர் சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ குலுங்கும். எதையும் தூக்கிப் போட மாட்டார், ஒட்டுவார், கட்டுவார், "ஓடுதா? அப்ப விடு" என்பார்.

நான் மருந்து கொடுப்பவள். மருந்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கரண்ட் போய் வந்தால் அது தானாக எழுந்து, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரி மீட்டரைப் படித்து, இடையில் எவ்வளவு சூடு ஏறியது என்று என் போனுக்கு மெசேஜ் அனுப்பும். ஏறியிருந்தால் ஊசி மருந்தெல்லாம் தண்ணீருக்குச் சமம். குப்பையில்தான் போட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் பெரிய கம்பெனிப் பெட்டி. பெயர் சொல்லி வம்பு எதற்கு?

இரண்டு வருஷத்துக்கு முன் அதன் ஃபேன் நின்றுபோனது. கடையில் கிடைக்கும் ஃபேனின் வயர் முனையில் நாலு ஓட்டை, இதற்கு ஐந்து. ஸ்க்ரூ போடும் இடம்கூட வேறு. கம்பெனியில் கேட்டதற்கு, அந்த மாடலை நிறுத்தியாயிற்று, புதிது வாங்குங்கள் என்றார்கள்.

"சொந்தத்துலதான் பொண்ணு எடுப்பானுங்க போல" என்று முனகியபடி அண்ணன் கடை ஃபேனையே கம்பியால் கட்டினார். காற்று வந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்கு வீம்பு. ஒவ்வொரு முறை எழும்போதும், 'ஃபேனைக் காணோம், எஃப் ஒன் அமுக்கு' என்று கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

"ஒரு தட்டு தட்டிடு தங்கச்சி. ஓடுதா? அப்ப விடு."

தட்டினேன். லீவு நாளிலும் கரண்ட் போய் வந்ததா என்று பார்க்க வந்து, அவரைத் திட்டிக்கொண்டே தட்டினேன். போன சனிக்கிழமை மதியம், ஒரு ஞாயிறாவது வீட்டில் கிடக்கலாமே என்று, மருந்து அட்டையை மடித்து, கீபோர்டில் எஃப் ஒன் அமுங்கியே இருக்கும்படி செருகினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஞாயிறு முழுக்க மெசேஜ் இல்லை. எங்கள் வீட்டுப் பக்கம் கரண்ட் இருந்தது; இங்கேயும் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

திங்கள் காலை முதல் ஆளாக அண்ணி வந்தார், அண்ணனின் மனைவி. போன வருஷம் இரண்டு நாள் சர்க்கரை ஊசி தவறி, நினைவில்லாமல் ஐசியுவில் கிடந்தவர். அக்கா வீட்டுக்கு ரயிலேறப் போகிறாராம்.

"ஒரு மாசத்துக்குக் குடும்மா, பழசு தீந்துடுச்சு."

ஃப்ரிட்ஜ் ஜில்லென்றுதான் இருந்தது.

"தைரியமா போய்ட்டு வாங்க அண்ணி."

கூட்டத்தில் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பதினோரு மணிக்கு பிரிண்டர் பார்க்க வந்த அண்ணன்தான் திரையைப் பார்த்து நின்றார். 'பட்டன் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டு, பெட்டி காத்துக்கொண்டிருந்தது.

"கரண்ட் எப்ப போச்சு?"

"போகவே இல்லையே அண்ணே!"

வரிசையில் நின்ற பக்கத்துக் கடைத் தையல்காரர் சிரித்தார். "என்னம்மா நீ! சனிக்கிழமை சாயங்காலம் இந்தத் தெருவுல போனது, நேத்து மத்தியானந்தான வந்துச்சு."

அண்ணன் அட்டையை உருவினார். "இத யாரு வெச்சது?"

"நான்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எஃப் ஒன்னை ஒரு தட்டு தட்டினார். கொஞ்ச நேரத்தில் என் போனில் மெசேஜ் வந்தது. முப்பத்தொரு டிகிரி.

"அண்ணி..." என்றேன்.

அண்ணன் ஏற்கெனவே அண்ணிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டால் அண்ணி எடுக்கவே மாட்டார் என்று நாங்கள் கேலி செய்வது வழக்கம்.

"ரிங் போகுது" என்றார். மறுபடி போட்டார். மறுபடியும் ரிங் மட்டும்தான் போனது.